பெரியவள் திரையில் மட்டும்

புகார் மெயிலைத் திறந்ததும் பழைய ஃபார்மே வந்து நின்றது. பெரியவளுக்கு நம்ப முடியவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதேதான். அவள் போட்ட அதே சாம்பல் நிறக் கட்டங்கள். மேலே கட்டடத்தின் பெயர், அடுத்து லிஃப்ட் எண், கடைசியில் குறிப்பு எழுத நீளமாக ஒரு பெட்டி. அன்று காலையிலிருந்து எல்லாருக்கும் புது ஃபார்ம்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பக்கத்து மேஜையில் புதுசு பளிச்சென்று திறந்திருந்ததைச் சற்று முன்புதான் வயிறெரியப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தன் திரையில் அது வரவில்லை என்றதும் உள்ளே ஜில்லென்று இருந்தது. நல்லா வேணும் அவளுக்கு, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அவள் என்றால் வேறு யார், ஓரகத்திதான். கொழுந்தன் பெண்டாட்டி. பெரியவ, சின்னவ என்று மாமியார் கூப்பிடப்போய், அந்தப் பெயர் வீட்டு வாசலைத் தாண்டி ஆபீஸுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி அது. முன்னறையில் ஃபோன் எடுப்பவர்கள் புகாரை ஃபார்மில் நிரப்பி உள்ளே அனுப்புவார்கள். பெரியவள் அதைத் திறந்து பார்த்து, எது அவசரம், எது பொறுக்கும் என்று முடிவு செய்து மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அந்த ஃபார்மைச் செய்ததும் அவள்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தட்டுத்தடுமாறி, ஒரு கட்டம் போட்டால் இன்னொரு கட்டம் காணாமல் போகிற அவஸ்தையெல்லாம் பட்டுச் செய்தது. சின்னவளுக்கு இங்கே வேலை கேட்டு மேனேஜர் முன்னால் நின்றதும் அவளேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவள் சம்பளம் வாங்கும் இடத்திலேயே செய்திருந்தாள்.

சின்னவள் வந்தாள், சிரித்தாள், எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் அதே கதைதான். பெரியவள் வருஷக்கணக்கில் செய்ததையெல்லாம் மாமியார் கடமை என்று எடுத்துக்கொண்டாள். சின்னவள் ஒரு தம்ளரைக் கழுவி வைத்தால் அது கெட்டிக்காரத்தனம். இப்போது ஃபார்மையும் மாற்றிவிட்டாள். லிஃப்டுக்குள் ஆள் மாட்டியிருந்தால் டிக் செய்வதற்கென்று சிவப்பாக ஒரு கட்டம். இவ்வளவு நாளும் அதைக் குறிப்புப் பெட்டியில்தான் எழுதி வந்தார்கள், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. புகார்ப் பிரிவுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போவதாகப் பேச்சு இருந்தது. அந்த நாற்காலி தனக்குத்தான் என்று இருந்தவளுக்கு, மேனேஜர் புது ஃபார்மைப் பார்த்துவிட்டு சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

புதுசு வராதவர்கள் உடனே சொல்லச் சொல்லி சின்னவள் எல்லாருக்கும் மெயில் போட்டிருந்தாள். பெரியவள் அதைப் படித்தாள். படித்துவிட்டுச் சும்மா இருந்தாள். சாயம் தானாக வெளுக்கட்டும், நாலு பேர் முன்னால் மேனேஜரே கேட்கட்டும், அப்போது பார்க்கலாம். ஆள் மாட்டியிருந்தால் ஃபோன் எடுப்பவர்கள் வழக்கம்போலக் குறிப்பில் எழுதாமலா போவார்கள்?

எழுதவில்லை. சிவப்புக் கட்டம் இருக்கும்போது எதற்கு இன்னொரு தடவை எழுத வேண்டும்? இரண்டு நாள் கழித்து, ஒரு குடியிருப்பிலிருந்து லிஃப்ட் நின்றுவிட்டது என்று புகார் வந்தது. பெரியவள் திரையில் சிவப்புக் கட்டமும் இல்லை, குறிப்பும் காலியாக இருந்தது. சாதாரணப் புகார் என்று வரிசையில் கடைசியில் போட்டாள். மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தபோது உள்ளே ஊன்றுகோலோடு வயதானவர் ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தாராம். சட்டையெல்லாம் நனைந்து, பேச்சு வராமல், மெக்கானிக்கின் கையைப் பிடித்தவர் விடவே இல்லையாம். உயிருக்கு ஒன்றுமில்லை. அவருடைய மகள் மேனேஜருக்கு ஃபோன் செய்து கேட்ட கேள்விகள் மட்டும் மேனேஜரின் கண்ணாடி அறைக்கு வெளியிலும் கேட்டன.

மேனேஜர் வந்து நின்றார். பெரியவள் வாயில் பதில் தயாராக இருந்தது.

"அந்தக் கட்டமே எனக்கு வரல சார். புது ஃபார்ம்ல ஏதோ கோளாறு. வேணும்னா பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார். முகம் கறுத்தது. சின்னவளைக் கூப்பிட்டு, சரிபார்த்துவிட்டு உடனே தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் ஓடி வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இதைப் பார்க்கத்தானே காத்திருந்தாய், நன்றாகப் பார் என்று பெரியவள் மனசு சொன்னது. பார்த்தாள். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

சின்னவள் நாற்காலியில் உட்காராமல் குனிந்து நின்றபடியே வேலை பார்த்தாள். கம்ப்யூட்டரின் சேமிப்பில் தங்கிப்போன பழைய பதிவுகளைத் துடைத்துவிட்டுத் திறந்தாள். வரவில்லை. மெயிலை மூடி மறுபடி தொடங்கினாள். அப்போதும் பழசுதான். பிறகு ஃபார்ம்களின் பட்டியலைத் திறந்தாள். ஒரு பக்கம் ஆபீஸ் முழுவதற்கும் பொதுவான லைப்ரரி, இன்னொரு பக்கம் பெரியவளுடைய சொந்த லைப்ரரி. சொந்தப் பக்கத்தில், அதே பெயரில், ஒரு ஃபார்ம் இருந்தது. பெரியவளுக்குச் சுருக்கென்றது. கற்றுக்கொண்ட காலத்தில், பொதுவில் போட்டு மானம் போகக் கூடாது என்று, முதலில் தனக்கு மட்டும் போட்டுப் பார்த்த பிரதி. எடுக்க மறந்தே போனாள். வீட்டில் ஒன்று இருக்கும்போது அதைத் தேடிக் கடைக்குப் போவார்களா? மெயிலும் பொது லைப்ரரிக்குப் போகவில்லை. புது ஃபார்மில் ஒரு கோளாறும் இல்லை.

"என்னைக்கிலேருந்துக்கா உங்களுக்குப் பழசே வருது?" சின்னவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

பெரியவள் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"முதல் நாள்ல இருந்தேவா?"

அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். சின்னவள் நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்னவளோ மவுஸைப் பெரியவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள். "நீங்க போட்டது, நான் கை வைக்கல. நீங்களே அழிச்சிடுங்க. சார்கிட்ட நான் பேசிக்கறேன்."

பெரியவள் அழித்தாள். கடைசியாக வந்த புகாரைத் திறந்தாள். புதுசு வந்தது. வெள்ளைப் பின்னணியில், கண்ணுக்கு முதலில் படுகிற இடத்தில், சிவப்புக் கட்டம். பாழாய்ப்போனது, நன்றாகத்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல ஒரு இடம் கிடைக்காதா என்று அப்போதும் அவள் கண் தேடியது.

கண்ணாடி அறைக்குள் சின்னவள் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள். மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தப்பு என்னுடையதுதான், எல்லாருக்கும் வருகிறதா என்று நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் கேட்காவிட்டாலும் பெரியவளுக்கு அது தெரிந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், நாற்காலி தன்னால் தேடி வரும். வீட்டிலும் சின்னவள் வாயைத் திறக்க மாட்டாள். காலத்துக்கும் திறக்க மாட்டாள். அதை நினைத்தபோது, இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல வயிறு எரிந்தது. கெட்டிக்காரி என்ற பெயரை எடுத்துக்கொண்டாள். போகட்டும். நல்லவள் என்பதையும் இவளே எடுத்துக்கொண்டால், எனக்கு என்னதான் மிச்சம்?

எழுந்தாள். பக்கத்து மேஜைக்காரர் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. உண்மையைச் சொல்லத்தான் போகிறாளா, அல்லது அந்தப் பெயரைச் சின்னவளுக்கு விட்டுக்கொடுக்க மனசில்லாமல் போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள் அவளைப் பார்த்துவிட்டாள். மேனேஜருக்குத் தெரியாமல், வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள்.

பெரியவள் கதவைத் தள்ளினாள்.