வாசலில் வைத்த கொப்பி

போர் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் மனக்கஷ்டங்களைக் கேட்பதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, விரிவுரையாளர் அருமைநாயகத்தைப் பொறுப்பாக விட்டிருந்தார்கள். எதிலும் ஒழுங்கு பார்க்கும் மனிதர் அவர். வாசலில் மேசை போட்டு, அதில் ஒரு கொப்பியும் வைத்தார். வருகிறவர்கள் பெயர், ஊர், வந்த நேரம் எழுத வேண்டும். மூன்று மாதமாக ஒருவரும் எழுதவில்லை. "நம்மட புள்ளையள் மனத்திடமானவங்க" என்று கூட்டத்தில் மார்தட்டிக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

அன்று ஒரு மாணவி வந்தாள். பல நாள் தூங்காத முகம்.

"பேரையும் ஊரையும் எழுதிட்டு உள்ள வாங்க மகள்."

அவள் பேனையைத் தொட்டாள். உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"பேரை எழுதிட்டு விடுறம் எண்டுதான் சேர் எங்கட அண்ணனையும் ஆமி கூட்டிப் போன. ரெண்டு வருசமாகுது."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அருமைநாயகத்துக்கு முகம் எரிந்தது. திங்கட்கிழமைதோறும் தன் ஊரான மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து வருகையில், துறையடி இராணுவக் காவலரணில் பெயர் எழுதும்போது அவருக்கே கை நடுங்கும். அதே நடுக்கத்தையல்லவா இந்தப் பிள்ளைகளுக்கு வாசலில் விரித்து வைத்திருந்தார்! மனத்திடமாம், மண்ணாங்கட்டி!

கொப்பியைக் கிழித்தெறிந்துவிட்டு வெளியே ஓடினார். அவள் வெகுதூரம் போயிருந்தாள். கூப்பிட வாய் திறந்தார். பெயர் தெரியாது. 'மகள்' என்று அழைக்க நாக்குக் கூசியது.