பச்சைக் கயிறு கட்டிய வைக்கோல்

ஐப்பசி பிறந்த முதல் வாரத்திலேயே மழை கொட்டித் தீர்த்துவிட்டது. கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எட்டாம் நாள் அம்சவல்லியின் அவரைக்கொடி வேர் அழுகிப் பந்தலோடு சாய்ந்தது. கத்தரி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பூசணிக்கொடியைப் பிடித்துத் தூக்கினால் கஞ்சி மாதிரி கையில் வழிந்தது. கீழ்வேளூர்ப் பக்கத்துக் களிமண் அப்படித்தான். தண்ணீரைக் குடித்தால் துப்பாது.

அதற்காக அவள் அழவில்லை. அழுகியதைப் பார்த்துப் பழகியவள். அவளுக்கு வயிறு எரிந்ததெல்லாம் கொல்லையின் மறுபாதியைப் பார்த்துத்தான்.

மறுபாதி கொழுந்தன் பிரபுவின் பங்கு. அவன் சிங்கப்பூரில் இருந்தான். அவன் பெண்டாட்டி வானதி தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. குறுவை அறுத்த கையோடு அவள் அம்சவல்லி வீட்டுப் போரிலிருந்து பன்னிரண்டு வைக்கோல் கட்டு கேட்டு வாங்கினாள். மெஷின் சுருட்டிக் கயிறு போட்டுத் தள்ளும் உருளைக் கட்டு. அவற்றை வரிசையாக நிமிர்த்தி வைத்து, பத்து நாள் யூரியாவைத் தூவித் தூவித் தண்ணீர் ஊற்றினாள். கட்டு உள்ளே சூடேறி, பிறகு ஆறி, மக்கத் தொடங்கியதும் மேலே குழி பறித்து, இரண்டு கை எரு வைத்து, தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை நட்டாள். ஊரே சிரித்தது. மாடு தின்கிறதில் செடி வைக்கிறாள் பார் என்று அம்சவல்லியும் சிரித்தாள். இப்போது தண்ணீர் கட்டில் பாதிவரைக்கும்தான் ஏறியிருந்தது. மேலே செடிகள் ஓர் இலை வாடாமல் பூவும் பிஞ்சுமாக நின்றன.

வானதி அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள். நாத்தனார் தங்கமணி சிவப்பு இதயம் போட்டாள். அம்சவல்லியின் புருஷன் கோவிந்தராசு, போனில் யாருக்கும் ஓர் எழுத்துக்கூட அனுப்பாத மனுஷன், அவனும் ஒன்று போட்டான். மொத்தம் ஒன்பது இதயம். பதினெட்டு வருஷமாக அந்தக் கொல்லையில் அம்சவல்லி காய் பறிக்கிறாள். ஒருத்தரும் படம் எடுத்ததில்லை.

அதைக்கூட விழுங்கியிருப்பாள். தங்கமணி போன் செய்ததுதான் தொண்டையில் நின்றுவிட்டது.

மாமியார் போனதிலிருந்து ஏழு பொங்கலாகத் தங்கமணிக்கு வரிசை கொண்டுபோகிறவள் அம்சவல்லிதான். தங்கமணி வாழ்க்கைப்பட்டது கூத்தாநல்லூர்ப் பக்கத்துக் கிராமம். கரும்பும் மஞ்சள் கொத்தும் வெல்லமும் கடையில் கிடைக்கும். காய் மட்டும் பிறந்த வீட்டுக் கொல்லையில் பறித்ததாக இருக்க வேண்டும். சாக்கை இறக்கியதும் தங்கமணியின் மாமியார் ஒரு காயை எடுத்து ஒடித்து மோந்து பார்த்து, இது அம்சவல்லி கை என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வருஷம் முழுக்க முதுகொடிகிறாய் என்று யாராவது சொன்னால் அம்சவல்லி ஒத்துக்கொள்ள மாட்டாள். உண்மை அதுதான். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த பட்டம் அது ஒன்றுதான்.

தங்கமணி போனில் சொன்னாள்: "இந்தத் தடவ சின்னண்ணி காய்தான் அண்ணி. போட்டோவப் பாத்துட்டு எங்க மாமியா வாயப் பொளந்துட்டாங்க. சின்னண்ணியவே கொண்டாரச் சொல்லுங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

மறுநாளே வானதி வந்து நின்றாள். வரிசைக்குப் பன்னிரண்டு கட்டில் காய்ப்பது பத்தாது, அவரையும் போட வேண்டும், இன்னும் பத்துக் கட்டு கிடைக்குமா என்று கேட்டாள். "எதுன்னு நீங்களே பாத்துக் குடுங்கக்கா. எனக்கு வைக்கோல்ல என்ன தெரியும்."

அம்சவல்லிக்குத் தெரியும். வாய்க்கால் ஓரத்துச் சின்ன வயலில் அவளே குனிந்து கையால் களை எடுத்திருந்தாள். அந்த வைக்கோலைக் கட்டிய மெஷினில் நீலக் கயிறு. குத்தகைக்கு எடுத்த பெரிய வயலில் ஆள் கிடைக்காமல் கோவிந்தராசு களைக்கொல்லி அடித்தான். அதைக் கட்டியது வேறு மெஷின், பச்சைக் கயிறு. மாடு இரண்டையும் ஒரே மாதிரிதான் தின்னும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் மருந்தடித்த வைக்கோலை மிளகாய் நாற்றங்காலில் பரப்பி, நாற்று அத்தனையும் ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு செத்ததை அவள் மறக்கவில்லை.

போரடியில் நீலமும் இருந்தது, பச்சையும் இருந்தது. பச்சையை உருட்டிக் கொடுத்தாள். ஒரு கட்டு சேற்றில் மாட்டிக்கொண்டபோது வானதியோடு சேர்ந்து தள்ளியும் விட்டாள்.

அதற்குப் பிறகு அடுப்படி ஜன்னல்தான் அவளுக்கு வேலை. வானதி எத்தனை குவளை யூரியா போட்டாள், எந்த நாளில் நிறுத்தினாள் என்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். வானதி கடைக்குப் போன நேரத்தில் கட்டுக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தாள். சுட்டது. நல்லது என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

கார்த்திகை கடைசியில் புதுக் கட்டுகளில் குருத்து சுருண்டது. அவரை இலை ஓலைத் துணுக்கு மாதிரி ஒடுங்கிப்போனது. தக்காளித் தண்டு திருகிக்கொண்டு தரையைப் பார்த்தது. அன்றைக்கு அம்சவல்லி இரண்டு தட்டு சோறு தின்றாள்.

மூன்றாம் நாள் வானதி உப்பும் மிளகாயும் ஒரு முறத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "யாரோ கண்ணு வச்சிட்டாங்கக்கா. நான் போட்டோ போட்டிருக்கக் கூடாது. நீங்கதான் சுத்திப் போடணும். வீட்டுக்குப் பெரியவங்க நீங்கதானே."

மறுக்க முடியாது. அம்சவல்லி மிளகாயையும் உப்பையும் கையில் அள்ளிக்கொண்டு இருபத்திரண்டு கட்டையும் மூன்று முறை சுற்றிவந்தாள். ஊர்க் கண், உறவுக் கண் என்று சொல்லும் இடத்தில் நாக்கு ஒரு நொடி ஒட்டியது. வெந்நீர் அடுப்பில் அதைப் போடும்போது, நெடி வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். நெடி வராவிட்டால் திருஷ்டி என்று ஆகிவிடும். கதை அதோடு முடிந்துவிடும்.

நெடி கிளம்பியது. இரண்டு பேரும் இருமித் தள்ளினார்கள். வாசலில் இருந்த கோவிந்தராசு நான்கு தும்மல் போட்டுவிட்டுக் கத்தினான்.

"இவ்ளோ கமறுதேக்கா," என்றாள் வானதி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. "அப்ப கண்ணு இல்ல."

"பின்ன என்ன?"

"வேற என்னமோ."

எழுந்து கட்டு வரிசைக்குப் போனாள். ஒவ்வொரு கட்டின் முன்னாலும் குந்தினாள், தொட்டாள், நகர்ந்தாள். கடைசிக் கட்டின் கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். "நீலக் கயிறு பன்னெண்டும் நல்லாருக்கு. பச்சை பத்தும் போச்சு. ரெண்டும் ஒரே வயலாக்கா?"

"யாரு கண்டா. வைக்கோலு எல்லாம் வைக்கோலுதான்."

சாயங்காலம் வானதி கோவிந்தராசுவிடம் கேட்டாள். அவன் சந்தோஷமாகச் சொன்னான். எந்த வயலில் எந்த மருந்து, எந்த மெஷின் எந்தக் கயிறு என்று ஒன்று விடவில்லை. உங்க அக்காவைக் கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பாளே, அவதான போர் அடுக்குனா என்றான். சுவருக்கு இந்தப் பக்கம் அம்சவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

சண்டைக்கு வருவாள் என்று அம்சவல்லி காத்திருந்தாள். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். வானதி வரவில்லை. சுருண்ட செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நீலக் கட்டுகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினாள். குரூப்பில் ஒன்றும் போடவில்லை. மாசம் ஒன்று போனது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அம்சவல்லியின் அடுப்படி வாசலில் வைத்தாள். கத்தரி, தக்காளி, மிளகாய். அவரை இல்லை.

"நீங்களே கொண்டு போங்கக்கா."

"உன்னயத்தான் வரச் சொன்னா."

"எனக்கு என்ன தெரியும். எல்லாம் தெரிஞ்சவங்க நீங்கதான்."

சாக்கின் வாய் பச்சைக் கயிற்றால் கட்டியிருந்தது.

தங்கமணியின் வீட்டில் அந்தக் கயிற்றை அவிழ்க்க அம்சவல்லிக்கு வெகு நேரமானது. தங்கமணியின் மாமியார் ஒரு கத்தரிக்காயை எடுத்தாள். காம்பை ஒடித்தாள். மோந்து பார்த்தாள். "இது அம்சவல்லி கை," என்றாள்.

தங்கமணி சிரித்துவிட்டாள். "அத்த, இது சின்னண்ணி வச்ச காயி. போட்டோ காமிச்சேன்ல."

"யாரு கையா இருந்தா என்னடி. தூக்கிட்டு வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ல," என்றாள் கிழவி. கத்தரிக்காயைக் கூடையில் போட்டுவிட்டு, கரும்பு எத்தனை கழி என்று பார்க்கப் போய்விட்டாள்.

ஏழு பொங்கல். அம்சவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள். தங்கமணி அவள் கையில் இரண்டு கத்தரிக்காயைத் திணித்து ஒரு போட்டோ எடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் போனைத் திறந்தாள். குரூப்பில் அவள் படம் இருந்தது. வாய் கோணி, கண் எங்கோ பார்த்துக்கொண்டு. கீழே ஒரே ஓர் இதயம். வானதி போட்டது.

அதைப் பார்த்தும் அவளுக்கு வயிறு எரிந்தது. வானதியின் இடத்தில் இருந்திருந்தால் தன்னால் அப்படி ஒன்றைப் போட்டிருக்க முடியாது.