பலகையில் பாதி முகம்

ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் சங்கரன்கோவிலில் தெருவுக்கு நூறு ஃபிளெக்ஸ் பலகை. பக்தர்களை வருக வருக என்று கூப்பிடாத கடையே கிடையாது. அப்படி ஒரு பலகையில் தன் முகம் தொங்குவதைக் கனகலட்சுமி பார்த்தது கொடியேற்றத்துக்கு மறுநாள் காலையில். பஸ்ஸை விட்டு இறங்கியவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு பாதி சங்கரனும் ஒரு பாதி நாராயணனுமாகச் சாமி நிற்கிற ஊர் அல்லவா, பலகை அடித்தவனுக்கு அதிலேயே யோசனை பிறந்திருக்கிறது. முகத்தில் ஒரு பாதி, உதடு பிளந்து மூக்கு வரை திறந்து கிடக்கும் கைக்குழந்தை. மறுபாதி, சாயம் பூசிச் சிரிக்கிற இருபத்தாறு வயதுப் பெண். இரண்டும் அவள்தான். கீழே, ‘முகத்தை மாற்றுவோம், வாழ்வை மாற்றுவோம்’ என்று எழுதி, பக்கத்தில் டாக்டர் லிங்கேஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

லிங்கேஷ் பல் டாக்டர். பல் பிடுங்குவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். சென்னைக்குப் போய் மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து ஒரு சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினார். அன்றிலிருந்து அதே பல் நாற்காலியில் வழுக்கைத் தலைக்கு ஊசி, ஒட்டிய கன்னத்துக்கு ஊசி, கல்யாணப் பெண்ணின் உதடு தடிக்க ஊசி. கனகலட்சுமி அங்கே உதவியாளர். ஒருத்தி உதட்டில் ஏற்றியது போக மிஞ்சிய மருந்தை, அந்த ஊசிக்குழலோடேயே பிரிட்ஜில் டாக்டர் தன் தயிர்ச்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, அடுத்த வாரம் இன்னொருத்திக்குப் போட்டதை இவள் கண்ணால் பார்த்தாள். ஊசி முனையைத்தான் மாற்றிவிட்டோமே என்றார். அதன்பிறகு அந்தப் பிரிட்ஜில் அவள் தண்ணீர்கூட வைப்பதில்லை. ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அதுதான் அவள் வழக்கம்.

படம் அவர் கைக்குப் போனதும் அவளால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உதட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டு, பழைய போட்டோ இருந்தால் அனுப்பு, ரெக்கார்டுக்கு என்றார். அனுப்பிவிட்டாள். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தைத்த உதடு அது. முதலில் உதடு, அப்புறம் அண்ணம் என்று அவள் அம்மா அவளை இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனாள். மேலே சாயம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. அப்பேர்ப்பட்ட வேலையை இந்த மனுஷன் தன் பேரில் எழுதிக்கொண்டு நிற்கிறார். கேட்டதற்கு, நாம் செய்தோம் என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது, நீ நம்ம கிளினிக்குப் பிள்ளைதானே என்று சிரித்தார். தூ என்றிருந்தது. ஆனாலும், சரி சார் என்றுதான் அவள் வாயில் வந்தது. தபசு முடிந்தால் பலகையைக் கழற்றிவிடுவார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

தபசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இசக்கிச்செல்வி வந்தாள். இளையரசனேந்தல் பக்கம் ஒரு கிராமம். தோளில் துணி மூடிய ஒன்றரை மாதக் குழந்தை. துணியை விலக்கினாள். பலகையில் இருந்த அதே பாதி.

கிரகணத்தன்று அவள் கத்திரிக்காய் நறுக்கியதால் வந்தது என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். உதட்டைத் தைத்த பிறகுதான் வந்து பார்ப்போம், பேரும் அப்புறம்தான் என்றார்களாம். பால் கொடுத்தால் மூக்கு வழியாக வருகிறது, சீக்கிரம் தைத்துக் கொடுங்கள், பலகையில் பார்த்துத்தான் வந்தேன் என்று லிங்கேஷைக் கும்பிட்டாள்.

லிங்கேஷ் போன் வெளிச்சத்தில் குழந்தையின் வாயைப் பார்த்தார். கையுறை போடவில்லை. சின்ன வேலைதான், நாளைக்குக் காலையில் கொண்டுவாருங்கள், மரத்துப்போக ஊசி போட்டு நாலு தையல் என்றார். பிறகு போட்டோ எடுக்க ஆரம்பித்தார். படத்தில் பிளவு சரியாகத் தெரியவில்லை என்று, உதட்டை விரித்துப் பிடிக்கச் சொன்னார் கனகலட்சுமியை.

அவள் கைகழுவி, உறை போட்டு, விரலை வைத்தாள். பிள்ளைக்குப் பசி போலிருக்கிறது. அந்த விரலையே சப்பப் பார்த்தது. சப்பப் பிடி கிடைக்கவில்லை. மறுபடியும் முயன்றது. டாக்டர் இன்னும் கொஞ்சம் விரி என்றார்.

கனகலட்சுமி விரலை எடுத்துவிட்டாள்.

“இந்தப் பிள்ளைக்கு இங்கன தைக்கக் கூடாது,” என்றாள். “எடை ஏறணும், ரத்தம் பாக்கணும், முழுசா மயக்கம் குடுத்துல்லா செய்யணும். அதுக்கெல்லாம் இங்கன ஒண்ணும் கிடையாது.”

“கனகா, நீ உள்ள போ.”

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். ஸ்பிரிட் பஞ்சை எடுத்து உதட்டுச் சாயத்தை அழுத்தித் துடைத்தாள். தழும்பு எரிந்தது.

“பலகைல இருக்கது நாந்தான். ஆனா இதத் தச்சது இவரு இல்ல. அப்போ இவரு பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு இருந்தாரு.”

சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை என்று லிங்கேஷ் சிரித்துக்கொண்டே சொன்னார். இசக்கிச்செல்வி அந்தத் தழும்பைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு துணியைப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் கனகலட்சுமி கூடவே நடந்து எல்லாம் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் கேட்க வேண்டும், அதுவரை பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துப் பாலாடைக் கிண்ணத்தில் எப்படிப் புகட்ட வேண்டும் என்று. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வயிற்றில் இரண்டு மாதம் ஆவதற்குள் உதடு கூடாமல் போனால் இப்படித்தான் என்றாள்.

இசக்கிச்செல்வி நின்றாள். அன்று அவள் கத்திரிக்காயைத் தொடவே இல்லையாம். எல்லாரும் சொன்னதால் நறுக்கினேன் என்று ஒத்துக்கொண்டாளாம்.

அவர்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் உயரத்தில் பலகை.

“எத்தன நாளா தொங்குது இது?”

“எட்டு நாளா.”

“எனக்கு முன்ன வேற யாரும் கேட்டாகளா?”

பொய் சொல்லியிருக்கலாம். “மூணு பேரு போன் பண்ணாக. நாந்தான் எடுத்தேன்.”

“நீ என்ன சொன்ன?”

“தபசு கழிஞ்சி பிள்ளையத் தூக்கிட்டு வாங்கன்னு சொன்னேன்.”

இசக்கிச்செல்வி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் டாக்டரைப் பார்த்த அதே பார்வை. பிறகு பலகையைப் பார்த்துக் காறித் துப்பினாள். எச்சில் சிரிக்கிற பாதியில் விழுந்து வழிந்தது. பிள்ளையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் திருநெல்வேலி பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

கனகலட்சுமி தன் வாயைப் புறங்கையால் துடைத்தாள். துடைத்தும் போன மாதிரி இல்லை. அந்த மூன்று பேருடைய நம்பரும் கிளினிக் மேசையில் இருக்கிற நோட்டில், அவள் கையெழுத்தில்தான் இருந்தது. அதை எடுக்க அவள் திரும்பி நடந்தாள்.