விரலெலும்புப் பொடி

அந்த விரலெலும்பு சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. அதற்காகப் பேராசிரியர் முப்பது வருஷம் மண்ணைச் சலித்திருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிய ஆதி மனிதர்கள் கடலோரமாகவே நடந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அவர் கட்சி. கல்கருவிகள் கூடை கூடையாகக் கிடைத்தன. ஆனால், யார் பெற்ற பிள்ளை என்று கல்லா வாயைத் திறந்து சொல்லும்? எலும்புதான் சொல்லவேண்டும். அவர் தோண்டிய குகையில் கிடைத்ததோ இந்த ஒன்றே ஒன்று.

அதைப் பொடியாக்கி மரபணுவைப் பிரித்தெடுப்பது அக்காவின் வேலை. ஆய்வுக்கூடத்தில் தலை நரைத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருஷத்தில் ஒரு சோதனைக் குழாயைக்கூடக் கைதவற விட்டதில்லை என்று பேர்.

முடிவு வந்த அன்று காலை, கம்ப்யூட்டர் பிரிவின் கணக்குப்புலி அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அக்கா, உட்காருங்க."

"பீடிகை எல்லாம் வேண்டாம். சொல்லுங்க."

"தாய்வழி மரபணு முழுசா கிடைச்சிருக்கு. அப்பவே எனக்கு இடிச்சுது. இத்தனை ஆயிரம் வருஷத்துப் பொருள் இவ்வளவு சுத்தமாவா இருக்கும்? வழக்கம்போல நம்ம ஸ்டாஃப் லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பார்த்தேன்." அவர் கையிலிருந்த தாள்களை நீட்டினார். "உங்களோடதுக்கா. அட்சரம் பிசகல."

வேலை செய்கிறவர்களின் மரபணு எலும்போடு கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காகவே எல்லோருடையதையும் அங்கே முன்கூட்டி எடுத்து வைத்திருப்பார்கள். தாய்வழி மரபணு அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே வருவது; அவளுடையதும் அவள் அம்மாவுடையதும் ஒன்றுதான். கலந்தது எந்த நாள், எந்த நிமிஷம் என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. பொடி தயார். கையுறை மாட்டப்போனபோது தம்பியின் போன். "அம்மா போயிட்டாங்கக்கா. காலைலேர்ந்து 'அவ கிளம்பிட்டாளா, கிளம்பிட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

போட்டது போட்டபடி ஓடியிருக்க வேண்டாமா? பாவி, ஓடவில்லை. முப்பது வருஷம் தேடிக் கிடைத்த எலும்பை வேறொருவர் கையில் விட அவளுக்கு மனசு வரவில்லை. ரெண்டு மணி நேர வேலை, முடித்துவிட்டே போகலாம் என்று உள்ளே போய்விட்டாள். உள்ளே கண்ணீர் பொங்கிப் பொங்கி வந்தது, கண் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை முகக்கவசத்தைத் தூக்கித் துடைத்துக்கொண்டாள். பொடி இருந்த குழாய் திறந்தே கிடந்தது அப்போது உறைக்கவில்லை. வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிச் சமாளிச்சிடலாம்கா," என்றார் கணக்குப்புலி.

"வேண்டாம். சார்கிட்ட நானே சொல்றேன்."

பேராசிரியர் அன்றைக்கென்று சலவைச் சட்டை போட்டு, மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"பொடி ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அம்மா போனதை ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்னை உள்ள விட்டிருக்க மாட்டீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஆப்பிரிக்காவிலேர்ந்து புறப்பட்ட தாய் இங்க வந்து சேர்ந்தாளான்னு முப்பது வருஷமா கேட்டேன். கடைசியில உங்கம்மா வந்து நிக்கிறாங்க." வரைபடத்தை மெல்ல மடித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கெட்டுப்போன முடிவை வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி. எட்டே தாள்தான். முழுக்க மரபணு எழுத்துகள், அம்மா அவளுக்குக் கொடுத்த எழுத்துகள். கணக்குப்புலி அவற்றைக் கிழிக்கும் இயந்திரத்துக்கு எடுத்துப் போனார்.

"குடுங்க, நான் போடறேன்."

"மொத்தமா போட்டுடலாமேக்கா?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். முதல் தாளை உள்ளே விடும்போதே, "வந்துட்டேம்மா," என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஒவ்வொன்றாக விட்டாள். எட்டாவது தாள் முழுவதும் உள்ளே போகும்வரை அவள் அங்கேயிருந்து நகரவில்லை.