கியூசிக் ஆடிய ஒரே ஆட்டம்

அந்த வீட்டில் கியூசிக்கை அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எப்போதோ நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் தூங்கி எழுந்து கிம்ச்சிக் குழம்பும் சோறும் சாப்பிட்டு முடித்ததும், அடுத்த ஆட்டத்தில் எதிரணியிலிருந்து யார் வருகிறார் என்று பயிற்சியாளர் யாங் அறிவிப்பார். அந்த நிமிஷத்திலிருந்து கியூசிக்குக்கு அந்த ஆளின் பெயர்தான். ரிமோட்டைக் கேட்டாலும், குளியலறைக் கதவைத் தட்டினாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பையன்கள் சிரிப்பார்கள், அவனும் சிரித்துவைப்பான்.

சியோலில், ஆற்றுக்குத் தெற்கே, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தது அந்தக் கணினி விளையாட்டு அணியின் வீடு. கூடம் முழுக்கக் கணினிகள், உள்ளறைகளில் அடுக்குக் கட்டில்கள், வாசலில் குவியலாகச் செருப்புகள். பொழுது விடிந்து பொழுது போனால் போர்தான். திரையில் படை திரட்டுவது, ஒற்றனை அனுப்புவது, எதிரியின் கோட்டையை இடிப்பது. வாரத்துக்கு ஒருநாள் அதைத் தொலைக்காட்சி அரங்கத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஆட வேண்டும். அணியின் நட்சத்திரம் ஜேஹா. இருபது வயதுதான், ஆனால் அவன் ஜெயித்தால்தான் வீட்டில் எல்லோருக்கும் சோறு. மற்றவர்கள் அங்கே இருப்பதே ஜேஹா ஜெயிப்பதற்காகத்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

ஜேஹாவுக்குப் பயிற்சி கொடுக்க எதிரி வேண்டும். எதிரி நம் வீட்டுக்கு வருவானா? அங்கேதான் கியூசிக் தேவைப்பட்டான். எதிரி ஆடிய பழைய ஆட்டங்களின் பதிவுகளை எல்லாம் போட்டுப் பார்ப்பான். ஒருமுறை இருமுறை அல்ல, கண் எரியும்வரை. ஒற்றனை எந்தப் பாதையில் முதலில் விடுகிறான், பயந்தால் எதைப் பின்னுக்கு இழுக்கிறான், ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்தால் எங்கே அசட்டையாகிறான், எல்லாவற்றையும் விரல்களில் ஏற்றிக்கொள்வான். பிறகு ஜேஹாவுக்கு எதிரே உட்கார்ந்து அந்த ஆளாகவே மாறிவிடுவான். உரித்து வைத்தாற்போல் இருக்கும். கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்யப் பார்த்தால் பின்னாலிருந்து யாங்கின் குரல் வரும், தோங்பின் அப்படிச் செய்ய மாட்டான் என்று. அவனும் உடனே திருத்திக்கொள்வான்.

தோங்பின் என்பவன் எதிரணியின் நட்சத்திரம். அதிகமாகப் பார்க்கப்பட்டவனும் அவன்தான், கியூசிக் அதிகமாக வாழ்ந்ததும் அவனாகத்தான். ஒருமுறை அரங்கத்தில் கை கழுவும் இடத்தில் தோங்பினே வந்து தோளில் தட்டினான். "நான் ஆடுறதைவிட நீ என்னை நல்லா ஆடுறியாமே, அப்ப நான் வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்றான். அதைக் கேட்டுக் கியூசிக் இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தான், பாவம்.

கியூசிக்குக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்துவிட்டது, மாதக் கடைசியில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு முகாமில் போய் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது விரல்கள் இந்த வேகத்தில் இருக்காது. அப்படித் திரும்பி வந்து ஆடியவர்கள் என்று சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆள்கூட இல்லை. போவதற்கு முன்னால் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன் பெயரில் ஒரு வெற்றி. லீக் கணக்கில் அவன் பெயருக்கு நேரே வெற்றி பூஜ்யம், தோல்வி பூஜ்யம் என்று இருந்தது. தோற்கக்கூட அவனை யாரும் மேடையேற்றியதில்லை. சொந்த ஊரான மொக்போவிலிருந்து அவன் அம்மா ஒவ்வோர் ஒளிபரப்பையும் பார்த்துவிட்டு, பெஞ்சில் அவன் பின்னந்தலை தெரிந்தது என்று போன் செய்வாள். 

வாய்ப்பு வந்தது, ஆனால் யாருக்கும் வேண்டாத பண்டமாக வந்தது. அரையிறுதியில் மோதப்போகிற தோங்பினின் அணியோடே, அதற்கு ஒரு வாரம் முன்பு, லீக்கில் ஓர் ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியல் மாறாது. எதிரணி போம்சு என்ற பதினேழு வயதுப் புதுப் பையனை இறக்கியது. மேடை ஏறாதவன், அதனால் பார்ப்பதற்கு ஒரு பதிவும் கிடையாது. ஜேஹா உதட்டைப் பிதுக்கினான். முகம் தெரியாத ஆளிடம் போய் அடிவாங்கி அரையிறுதிக்கு முன்னால் மனசைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்றான். யாங் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "கியூசிக், போறதுக்கு முன்னாடி நீ ஒண்ணு ஆடிட்டுப் போயேன்" என்றார்.

அதில் கொஞ்சம் இரக்கம் இருந்தது, புதுப் பையனின் ஆட்டத்தை இவனை வைத்து வெளியே இழுத்துவிடலாம் என்ற கணக்கும் இருந்தது. இரண்டும் கியூசிக்குக்குப் புரிந்தது. புரிந்தும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தான், ரயில் டிக்கெட் எடுத்துவிடு என்றான்.

அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. எதிரியைப் பார்க்க வழியில்லை, சரி, தன்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய பயிற்சிப் பதிவுகளைத் திறந்தான். ஒன்றில் அவன் தோங்பின். இன்னொன்றில் இடது கைப் பழக்கமுள்ள பூசான்காரன். வேறொன்றில் அவசரக்குடுக்கை ஒருவன். ஒவ்வொன்றும் கச்சிதமாக இருந்தது. மதியம் முழுக்கத் தேடியும் கியூசிக் என்ற ஆள் ஒரு பதிவில்கூட இல்லை. 

தான் எப்படி ஆட வேண்டும் என்று யாங்கிடம் போய்க் கேட்டான். உன் இஷ்டப்படி ஆடு என்றார் அவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். இஷ்டம் என்று ஒன்று இருந்தால்தானே. ஜேஹாவை ஓர் ஆட்டம் ஆட வரச் சொன்னான். யாரையும் நினைக்காமல், தோன்றியபடி ஆடினான். தோன்றுவதற்குள் நேரம் போனது. பத்து நிமிஷத்துக்குள் கோட்டை தரைமட்டமானது. ஜேஹா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தான். பிள்ளை உண்மையாகவே குழம்பியிருந்தான்.

"இது யாருண்ணே? இந்த மாதிரி ஆடுற ஆளை நான் பார்த்ததே இல்லையே."

"நான்தான்டா."

"ஓ" என்றான் ஜேஹா. பிறகு, "சரிண்ணே, சரி. இன்னொண்ணு ஆடலாமா?" என்றான், நோயாளியிடம் பேசுகிற குரலில்.

ஆட்டத்தன்று அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ரசிகைப் பெண் அவன் பெயரைப் பெரிதாக எழுதிய அட்டையை அவள் கையில் கொடுத்திருந்தாள். கியூசிக் கூண்டுக்குள் போய், விரல்கள் விறைக்காமலிருக்கச் சூட்டுப் பொட்டலத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியதும் திரையில் தன் கோட்டையைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம், மற்ற இடமெல்லாம் இருட்டு. பதிவுகளில் இந்த இருட்டு கிடையாது. அங்கே இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும், பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும். பயிற்சியில் இருட்டு இருந்தாலும் யாராக ஆட வேண்டும் என்று தெரியும். அத்தனை வருஷம் எல்லாம் தெரிந்த இடத்தில் உட்கார்ந்து பழகியவனுக்கு அந்த இருட்டு மூச்சு முட்டியது. தோங்பினாக மட்டும் ஆடக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தான். தோங்பினோடு ஒரே வீட்டில் தூங்கி எழுகிற பையனிடம் போய்த் தோங்பினைக் காட்டினால் கதை கந்தலாகிவிடும் அல்லவா?

தட்டுத்தடுமாறி ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். நடுவில், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், அந்த யோசனை வந்தது. கோட்டையை அப்படியே காலியாகப் போட்டுவிட்டு, மொத்தப் படையையும் கிழக்கு ஓரத்துப் பாறைப் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டுபோய்ப் பின்பக்கமாக விழுவது. அது ஒற்றையடிப் பாதை, பெரிய படையை அதில் விடுகிறவன் பைத்தியக்காரன். அவன் பார்த்த ஆயிரம் பதிவுகளில் ஒருவனும் அதைச் செய்ததில்லை.  இது என்னுடையது, யாரையும் பார்த்து எடுத்ததில்லை, என்னுடையது. வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை. படையை அனுப்பினான்.

பாறைக்கு மேலே, இருட்டில், போம்சுவின் மொத்தப் படையும் வரிசை கட்டிக் காத்திருந்தது.

சோளம் பொரிகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தோற்றவன் "ஜீஜீ" என்று இரண்டெழுத்துத் தட்டிவிட்டு எழுந்துகொள்வதுதான் முறை, தட்டினான். அரங்கமே கூச்சலிட்டது. அது எதற்கென்று புரியாத அம்மா, அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கமுடியாமல் அவன் எதிர்க்கூண்டுக்கு நடந்தான்.

போம்சு இடுப்பு வளைய வணங்கினான், கன்னமெல்லாம் சிவந்திருந்தது. கியூசிக் அவன் கையைப் பிடித்தான், விடவில்லை.

"எப்படிடா தெரிஞ்சுது? நீ ஒற்றனைக்கூட அனுப்பலையே."

முதல் வெற்றியின் போதையில் இருந்தவனுக்கு வாய் நிற்கவில்லை. "தோங்பின் அண்ணன் ஒரு மாசமா வீட்டுல என்னை அதே பாதையிலதான்ணே வந்து அடிக்கிறாரு. அரையிறுதிக்குன்னு வெச்சிருக்காரு, வெளிய யாருக்கும் காட்டல. நீங்களும் அவர மாதிரியே சண்டையிலிருந்து படையைத் திடீர்னு பின்னுக்கு இழுத்ததும் எனக்குப் பழக்கதோஷம், மேல ஏறி நின்னுட்டேன். ஆமா, நீங்க எங்கண்ணே பார்த்தீங்க?"

கியூசிக் எங்கேயும் பார்க்கவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. தோங்பின் இன்னும் மேடையில் ஆடாத ஆட்டம், யாரும் பதிவு செய்யாத ஆட்டம், இவன் மண்டைக்குள் தானாக முளைத்திருந்தது. தன்னுடையது என்று முதன்முதலாகத் தோன்றியதும் தோங்பினுடையதாகத்தான் இருந்தது. இனித் தனக்குள் எது தோன்றினாலும் அதை எப்படி நம்புவது?

மறுநாள் மதியம் கூடத்தில் பெரிய திரையில் அந்த ஆட்டத்தைப் போட்டார்கள். போம்சுவின் ஒவ்வோர் அசைவையும் யாங் நிறுத்தி நிறுத்திக் காட்டினார், ஜேஹா குறித்துக்கொண்டான். கியூசிக்கின் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. பாறைப் பாதை வந்தபோதுதான் யாங் அவன் பக்கம் திரும்பினார். இந்தக் கோமாளித்தனம் எங்கிருந்து வந்தது, வர்ணனையாளர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், அணியின் மானம் போய்விட்டது என்றார். பின்வரிசையில் பையன்கள் கிளுகிளுத்தார்கள்.

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். என் யோசனைதான் சார், தப்பாகப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். பத்து நாளில் முகாமுக்குப் போகிறவனுக்கு அந்தச் சிரிப்பால் என்ன குறைந்துவிடப்போகிறது? ஆனால் தாங்கமுடியவில்லை.

"அது கோமாளித்தனம் இல்ல சார்" என்றான். "தோங்பினோட ஆட்டம். அரையிறுதிக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கான்."

 போம்சு சொன்னதைச் சொன்னான். யாங்கின் முகத்தில் விளக்கு எரிந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவன் மேடையில் காட்டிக் கெடுத்துவிட்டபிறகு தோங்பின் அதையே செய்வானா?

"செய்வான் சார். இப்பதான் கண்டிப்பா செய்வான். எல்லாரும் பார்த்துச் சிரிச்சாச்சு, ஒரு தோத்தாங்குளி பண்ணதை யாரும் காத்திருந்து தடுக்க மாட்டாங்கன்னு நினைப்பான். போம்சுவும் வாய் தவறினதை வீட்டுல சொல்லியிருக்க மாட்டான். சொன்னா தோலை உரிச்சிடுவாங்க."

"எப்படிடா இவ்வளவு நிச்சயமாச் சொல்றே?"

"நானா இருந்தா அப்படித்தான் செய்வேன்" என்றான் கியூசிக்.

யாங் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். அந்த வீட்டில் அவனுக்கு அப்படியொரு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான். முகாமுக்குப் போகும்வரை தோங்பினாக உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான். கிழக்குப் பாதையில் படையை விட்டான், ஜேஹா மேலே நின்று நொறுக்கினான். வேறெப்படி வருவான் என்று கேட்டார்கள். தோன்றிய வழிகளை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான்.

அரையிறுதிக்கு முடியை வெட்டிக்கொண்டு, தொப்பி போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். திரையில் தோங்பின் ஆடியபோது இவன் விரல்கள் முழங்காலில் தாமாகத் தாளம் போட்டன. தோங்பினின் கோட்டை காலியானது. போகாதே என்று கியூசிக்கின் தொண்டைவரை வந்தது. படை பாறைப் பாதையில் ஏறியது. மேலே ஜேஹா நின்றுகொண்டிருந்தான்.

பெஞ்சே எழுந்து குதித்தது. ஜேஹா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொன்ன மாதிரியே வந்தாண்ணே, ஒரு அடிகூட மாறல" என்று காதோரம் கத்தினான். கியூசிக்கின் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பையன்கள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். எதிர்க்கூண்டில் தோங்பின் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் இருட்டிப்போன திரையைப் பார்த்தபடி இருந்தான். இனி அந்தப் பாதையில் தோங்பின் ஒருநாளும் படையை விடமாட்டான், வேறு யாரும் விடமாட்டார்கள். கியூசிக்குக்கு வாழ்க்கையில் தோன்றிய ஒரே சொந்த யோசனை அத்தோடு செத்தது. அதைக் காட்டிக்கொடுத்ததும் அவன்தான்.