நோட்டீஸ் வந்தால் நடக்கும் வீடு

கடல் கடத்திச் சிதறடிக்கப்பட்ட கறுப்பு மக்கள் உலகம் முழுவதும் எழுப்பிய கட்டடங்களிலேயே மகத்தானது, காலத்தாலும் அசைக்க முடியாதது என்று பார்படோஸ் தீவின் பண்பாட்டு முன்னேற்ற வாரியத் தலைவர் டாக்டர் எவர்ட்டன் ஸ்காண்டில்பரி ஒலிபெருக்கியில் அறிவித்த வீடு, அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் எழுந்து நடந்துபோய்விட்டது. இருபதடிக்குப் பத்தடி மரவீடு. மணி அப்போது பதினொன்று இருபது. லண்டனிலிருந்து வந்திருந்த இரண்டு பிரதிநிதிகள் சமையலறையைப் பார்க்க உள்ளே போயிருந்தார்கள். அவர்களும் கூடவே போனார்கள்.

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வெரோனா கிட்டன்ஸின் வீடு நடக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடிமைகளை விடுவித்தபோது வெள்ளைக்கார அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது, அடித்தவர்களுக்கு. அடிபட்டவர்களுக்கு அதே கரும்புத்தோட்டத்தின் ஓரத்தில் கல்லும் கரடுமாக ஒரு துண்டு நிலம் வாடகைக்குக் கிடைத்தது. எஸ்டேட்காரருக்கு முகம் கோணினால் அதையும் காலி செய்ய வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் அஸ்திவாரமே தோண்டாமல், அடுக்கிவைத்த கற்களின்மேல் வீட்டை உட்காரவைத்தார்கள். நோட்டீஸ் வந்தால் பலகை பலகையாகக் கழற்றி, வண்டியில் ஏற்றி, அடுத்த இடத்தில் பூட்டிக்கொள்வார்கள். கிட்டன்ஸ் குடும்பம் இந்த வீட்டை ஒன்பது முறை கழற்றிப் பூட்டியது. பத்தாவது முறை, 1938-இல், வண்டி வரத் தாமதமானது. வீடு கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு தானே எழுந்து நடந்தது. எல்லாம் பழக்கம்தான். போகிற வழியில் துவரைச் செடிகளை மிதித்துவிடுகிறது என்பது ஒன்றுதான் அக்கம்பக்கத்தில் இருந்த புகார்.

சுதந்திரம் வந்தது, கொடி மாறியது, பாட்டு மாறியது, நோட்டீஸின் வாசகம் மட்டும் மாறவில்லை. பிறகு ஒரு சட்டம் வந்தது. எஸ்டேட் நிலத்தில் ஒரே இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து குடியிருப்பவர் அந்த இடத்தைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். வெரோனா அன்றைக்குப் பெட்டியிலிருந்து புது மேஜைவிரிப்பை எடுத்து விரித்தாள். எஸ்டேட்காரரும் சட்டம் படித்தவர். அவளுக்கு நாலு வருஷமும் சில மாதமும் ஆகும்போதெல்லாம் ஒரு நோட்டீஸ் வரும். காகிதம் கதவைத் தொட்டதும் வீடு எழுந்துவிடும். "சும்மா கிடயேன், சனியனே! கோர்ட்டுக்குப் போயாவது பார்க்கலாம்" என்று அவள் சுவரைத் தட்டிக் கெஞ்சுவாள். நூறு வருஷமாகப் பயந்த வீடு, சொன்னால் கேட்குமா? அடுத்த துண்டில் போய் உட்காரும். கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். இப்படியே மூன்று முறை ஆனது. அவளுக்கு ஐம்பத்தாறு வயதும் ஆனது.

நாலாவது முறை நாலு வருஷம் ஏழு மாதம் ஆகியிருந்தபோதுதான் டாக்டர் ஸ்காண்டில்பரி வந்தார். மேட்டுத்தெருவில் பவழக்கல் மாளிகையில் இருப்பவர். கறுப்பின முன்னேற்றத்தைப் பற்றி ஏழு நாடுகளில் பேசியவர், ஏழிலும் ஒரே பேச்சு. லண்டன், புரூக்ளின், கிங்ஸ்டன், பஹியாவிலிருந்தெல்லாம் பிரதிநிதிகள் மாநாட்டுக்கு வரப்போகிறார்கள், அவர்களுக்குக் காட்ட ஒரு சின்னம் வேண்டும் என்றார்.

"மிஸ் கிட்டன்ஸ், இது வெறும் வீடில்ல. ஒரு இனத்தோட நினைவு."

"இருக்கட்டும் டாக்டர். நினைவுக்குக் கீழ இருக்கிற நிலம் யாருது?"

"அதெல்லாம் வேற துறை. நாங்க காங்கிரீட் போட்டு நிறுத்திடுவோம். அப்புறம் எங்க நகரும்?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் ஒப்புக்கொண்டாள். இன்னும் ஐந்தே மாதம். கால் கட்டியிருந்தால் நோட்டீஸ் வந்தாலும் வீடு நிற்கும் அல்லவா. கொத்தனார் லிஸ்டன் நான்கு மூலையிலும் நாலடி ஆழத்துக்குக் கலவை கொட்டினான்.

"ஏய் வெரோனா, உன் வீடு என்னை முறைக்குது."

"முறைக்காம? உன் பொண்டாட்டி உனக்குப் போட மறந்த கால்கட்டை நீ அதுக்குப் போடறியே. நல்லா இறுக்கிப் போடு."

திறப்பு விழாவில் வாரியத்துக்காரர்கள் கறுப்பு மரச்சட்டமும் பொன்னிற எழுத்துமாக அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்குப் பின்னால் எஸ்டேட் முத்திரையோடு ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தது. சின்னம் நிற்கும் நிலத்தை எஸ்டேட்டிடமிருந்து வாரியமே குத்தகைக்கு எடுத்துவிட்டது, எனவே அவள் மாலை ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும், பகலில் பழைய காலத்து உடையில் வந்து மீன் பொரித்துக் காட்டலாம். வாசலில் நின்று வெரோனா அதைச் சத்தமாகப் படித்தாள்.

"என் வீட்டுல என்னை மாதிரி நடிக்க எனக்கே வேலை குடுக்கிறீங்களா? நல்லா இருங்கடா!" என்று கடிதத்தைக் கதவில் அறைந்தாள். மேடையில் "காலத்தாலும் அசைக்க முடியாத" என்ற இடம் வந்திருந்தது. வீடு முதலில் இடது மூலையைப் பிடுங்கியது.

நான்கு காங்கிரீட் கால்களோடு அது நடந்தபோது சாலையில் நாலு வரிசையாகப் பள்ளம் விழுந்தது. அவற்றை வாரியம் இன்னும் மூடவில்லை. பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் கோழிகள், கோழிகளுக்குப் பின்னால் வெரோனா, அவளுக்குப் பின்னால் மாநாடு. வீடு மேட்டுத்தெரு ஏறி, டாக்டர் ஸ்காண்டில்பரியின் புல்தரையில், அவருடைய பளிங்கு நீரூற்றுக்கும் வாசல் கேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தது. லண்டன்காரர்கள் இறங்கி வந்து, வீட்டில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மறுநாளே நோட்டீஸ் வரும் என்று ஊர் காத்திருந்தது. வரவில்லை. வாரம் போயிற்று, வருஷம் போயிற்று. தலைவர் தன் புல்தரையையே மக்களுக்குத் தந்தார் என்று புரூக்ளின் பத்திரிகை ஒன்று முழுப்பக்கம் எழுதியது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். லிஸ்டன் மட்டும், "அந்த ஆளு சும்மா குடுக்கிற ஜாதி இல்லையே" என்று ரம் கடையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வெரோனா வழக்கம்போல மாத வாடகையை எஸ்டேட் ஆபீசில் கட்டினாள், அவர்களும் வழக்கம்போல ரசீது கொடுத்தார்கள். வீடு நீரூற்றின் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. புயல் வந்த வருஷம்கூட அது எழவில்லை. ஐந்து வருஷம் முடிந்த மறுநாள் வெரோனா அந்த இடத்தைத் தன் பெயருக்கு வாங்கினாள், அவள் வம்சத்தில் முதல் ஆளாக.

பத்திரம் எழுதிய குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பி அவளிடம் காட்டினான். நோட்டீஸ் கொடுக்க நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் உரிமை உண்டு. மேட்டுத்தெரு முழுவதும் எஸ்டேட்டின் நிலம். வாரியத்தின் குத்தகைப் பணம் தொடர்ந்து வர வேண்டுமானால் அந்தப் புல்தரைக்கு நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்று தலைவர் எஸ்டேட்டுக்கு எழுதிய கடிதமும் அந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. டாக்டர் ஸ்காண்டில்பரி இருபத்திரண்டு வருஷமாக அங்கே வாடகைக்கு இருந்தார்.