மருந்தே அடிக்காதவர்கள்

போளூர்க்காரர்கள் இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. அஸ்ஃபியா மூன்றாவது முறையாகத் தேடிப் பார்த்தாள். மற்ற ஊர்க்காரர்கள் திரையில் சமர்த்தாக வந்து நின்றார்கள்.

கொடைக்கானல் பூண்டு விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. எல்லா விவசாயிகளின் படிவங்களும் சங்கத்தின் ஆவணக் களஞ்சியத்தில் ஏறியிருந்தன. மூன்று வருடமாக ரசாயன மருந்து அடிக்காதவர்களை அதிலிருந்து பிரித்தெடுத்து, நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலில் பேர் இல்லையென்றால் இந்த வருடம் இயற்கை விவசாய முத்திரை கிடையாது.

அவளுக்கு உடனே வேல்ராஜ் ஞாபகம்தான் வந்தது. சங்கத்தில் அவளோடு வேலை பார்க்கிறவன்; போளூர்ப் படிவங்களை ஏற்றியவன் அவன். அவனுடைய தாய்மாமன் அடிவாரத்தில் மண்டி வைத்து, முத்திரை இல்லாத பூண்டை அடிமாட்டு விலைக்கு அள்ளுகிறவர். போதாததற்கு நேற்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசினான். சிரித்து வேறு பேசினான். சந்தேகம் வந்துவிட்டால் ஒருத்தன் தும்மினாலும் குற்றம்தானே.

வீரம்மாளின் படிவத்தைத் திறந்தாள். எல்லாம் இருந்தது, கடைசியாக மருந்து அடித்த தேதி மட்டும் காலி. மற்ற இருபத்திரண்டிலும் அப்படியே. திட்டம்போட்டு அழித்திருக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே செயலாளர் அழகுமலையிடம் போய்ச் சொன்னாள். அரைமணி நேரத்தில் வேலை போய், வேல்ராஜ் அலுவலகச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

பிறகு தேதி கேட்க வீரம்மாளுக்குப் போன் போட்டாள்.

"மருந்தா? நாங்க எங்க தாயி அடிச்சோம்?" என்றாள் வீரம்மாள். "பூண்டுக்குப் பாயுற ஓடைத்தண்ணியத்தான் ஊரே குடிக்குது. ஒரு சொட்டு அடிக்கக் கூடாதுன்னு எங்க மாமனார் காலத்துலயே ஊருல முடிவு பண்ணியாச்சு. அடிக்காததுக்கு எந்தத் தேதியப் போடன்னு அந்தத் தம்பியும் காலியா விட்டுருச்சு."

அஸ்ஃபியா தான் எழுதிய தேடலைப் பார்த்தாள். மருந்து அடித்த தேதி, மூன்று வருடத்துக்கு முந்தைய நாளைவிடச் 'சிறியது', அதாவது அதற்கும் முந்தியது, என்று குறி போட்டிருந்தாள். தேதி இருந்தால்தானே சிறியதா பெரியதா என்று ஒப்பிட முடியும்? காலியாக இருந்ததையெல்லாம் அந்தக் குறி பேசாமல் ஒதுக்கிவிட்டது. நாலு வருடத்துக்கு முன் அடித்தவன் உள்ளே. ஜென்மத்தில் அடிக்காதவர்கள் வெளியே. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

'அல்லது தேதியே இல்லாதவர்' என்று சேர்த்தாள். இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். மூன்றே முக்காலுக்குப் பட்டியல் போனது.

அழகுமலையிடம் உண்மையைச் சொன்னாள். "அவன நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லும்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் கூப்பிட்டதும் வேல்ராஜ் போனை எடுத்தான். அவள் வாய் திறப்பதற்குள் அவனே கேட்டான்.

"போளூர் பேரெல்லாம் போயிருச்சாக்கா?"

"போயிருச்சுப்பா. தப்பு என்மேலதான். நீ நாளைக்கு..."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.